வெற்றிலைக் காம்பைக் கீழே வை, சரோஜா

பட்டர்வொர்த், பினாங்கு
ஞாயிறு காலை

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. பேரன் ஆறு நாளாக வெளிக்குப் போகவில்லை, வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு ஆசனவாயில் வைக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். படித்த கையோடு தொலைபேசியில் கூப்பிட்டு, வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்பதைப் பதற்றமில்லாமல் சொல்ல வேண்டும் என்றுதான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். செந்தூலில் உன் வீட்டில் எல்லாரும் இதைப் படிக்கட்டும், உன் சம்பந்தியம்மாவும்தான்.

தாய்சேய் நல கிளினிக்கில் முப்பது ஆண்டுகள் தாதியாக இருந்தேன். என் கைக்கு வந்தவை பெரும்பாலும் நிறைமாதக் குழந்தைகள். அவர்கள் வழி எனக்கு மனப்பாடம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் காட்டுப்பீ என்கிற முதல் மலம் போய்விடுவார்கள். 48 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய எல்லாருமே. வயிற்றில் இருந்தபோது விழுங்கிய பனிக்குட நீர், உதிர்ந்த பூனைமுடி, பித்தம், குடலின் சளி எல்லாம் திரண்ட கரும்பச்சைப் பிசின் அது. நாற்றமே இருக்காது. சீம்பால் உள்ளே போகப் போக அது இளகி, மூன்றாம் நான்காம் நாளில் பச்சையாகி, ஐந்தாம் நாளை ஒட்டி மஞ்சளாகும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கடுகு விதை தூவியது போல் சின்னச் சின்னத் திப்பி இருக்கும். புட்டிப்பால் குடிப்பவர்களுக்குச் சற்றுக் கெட்டியாக, பழுப்பாக இருக்கும். 48 மணி நேரம் கடந்தும் காட்டுப்பீ போகவில்லை என்றால் மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்களே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. சுமார் 5,000 பேரில் ஒருவருக்கு அப்படி நேர்கிறது.

இந்தக் கணக்கையெல்லாம் வைத்துக்கொண்டுதான் போன ஆண்டு என் பேத்தி கயலின் முன்னால் நின்றேன். 30 வாரத்தில் பிறந்தவள். 1 கிலோ 300 கிராம். அவளுடைய டயப்பர் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முதல் நாள் ஒன்றும் இல்லை, இரண்டாம் நாளும் இல்லை. 48 மணி நேரம் தாண்டியபோது எனக்குக் கை நடுங்கியது. மகள் பார்த்துவிடக் கூடாதே என்று சேலை முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மாலை, அந்தப் பிரிவின் இளம் தாதி கண்ணாடிப் பெட்டியின் வட்டக் கதவு வழியாகக் கையை விட்டு டயப்பரைப் பிரித்தார். நான்கைந்து மிளகைச் சேர்த்து உருட்டினால் எவ்வளவு இருக்கும், அவ்வளவுதான். தார் போல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் டயப்பரைச் சின்னத் தராசில் வைத்து, எடையையும் நேரத்தையும் அட்டவணையில் குறித்துக்கொண்டார். என் மகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். காட்டுப்பீ முழுவதும் போய் மஞ்சள் நிறம் வர இரண்டு வாரம் ஆயிற்று.

அங்கிருந்த குழந்தை மருத்துவர் எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். குடலில் அலை அலையாக எழும் அசைவு ஒழுங்குக்கு வருவது 32, 34 வாரங்களை ஒட்டித்தான். அதற்கு முன்பே வெளியே வந்துவிட்ட குழந்தைக்குக் குடல் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறது. போதாக்குறைக்கு, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் பால் போகிறது. உள்ளே தள்ள ஒன்றும் இல்லாதபோது வெளியே என்ன வரும்? ஆகவே குறைமாதக் குழந்தைக்கு நாட்கள் தள்ளிப்போவது சாதாரணம். எவ்வளவு முன்னதாகப் பிறந்ததோ, அவ்வளவு தாமதம். ஆனால் வயிறு உப்பினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்க மாட்டார்கள். குறைமாதக் குழந்தைகளின் குடல் வெந்து அழுகிப்போகும் கொடிய நோய் ஒன்று இருக்கிறது. அதற்கு எதிரான நல்ல அரண் தாய்ப்பால். அதனால்தான் மகள் பிழிந்து கொடுத்த பாலை ஐஸ் பெட்டியில் வைத்து, தினமும் ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவிலிருந்த அந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். மழையோ வெயிலோ, ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இப்போது உன் பேரனிடம் வருகிறேன். 39 வாரத்தில் பிறந்தவன், இரண்டு மாதம் முடிந்துவிட்டது, தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறான். முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை போனான் என்று எழுதியிருக்கிறாய். ஆறு வாரத்துக்குப் பிறகு இப்படிக் குறைவது வழக்கம். சில குழந்தைகள் ஒரு வாரம்கூடப் போகாமல் இருந்துவிட்டு, ஒரே தடவையில் தொடை முதுகெல்லாம் வழியப் போவார்கள். அது மென்மையாக இருந்தால் மலச்சிக்கல் இல்லை. இதுவே மூன்று வாரக் குழந்தையாக இருந்தால் உன்னிடம் வேறு மாதிரி பேசியிருப்பேன். அந்த வயதில் போகாமல் இருந்தால், பால் போதவில்லையோ என்று எடை பார்க்க வேண்டும்.

முகம் சிவக்க முக்குகிறான், பத்து நிமிடம் அழுகிறான் என்கிறாய். வயிற்றை அழுத்தும்போது ஆசனவாயைத் தளர்த்த வேண்டும் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. தானாகக் கற்றுக்கொள்வான். நீ காம்பு வைத்தால், காம்பு வந்தால்தான் போக வேண்டும் என்று அந்த உடம்பு பழகிவிடும். அந்த மெல்லிய தோல் கிழியவும் கூடும். விளக்கெண்ணெயும் வேண்டாம். என் மூத்தவனுக்கு நாற்பதாம் நாளில் என் அம்மா அரைச் சங்கு புகட்டினார், ஆசையோடுதான். மாலைக்குள் எட்டுத் தடவை போய், கண் உள்ளே போய், நாக்கு உலர்ந்து, தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த ஓட்டத்தை நான் இன்னும் மறக்கவில்லை. தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. கோலாலம்பூர் வெயிலுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்று மருமகள் கேட்டாளாம். ஆறு மாதம்வரை தாய்ப்பாலில் இருக்கிற தண்ணீரே போதும் என்று சொல்.

நிறத்தை மட்டும் கவனமாகப் பார். கடைசியாகப் பரங்கிக்காய் மசியல் போல் போனான் என்று எழுதியிருந்தாய், அது நல்லது. சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால், அல்லது கண்ணில் மஞ்சள் இன்னும் தெரிந்தால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாட்களுக்குள் நடந்தால் பலன் அதிகம். பத்து நாள் காத்திருந்தோம், பதினொன்றாம் நாள் பார்ப்போம் என்ற பேச்சே அங்கே உதவாது. கெட்டி உருண்டையாகப் போனாலும், பால் குடிக்க மறுத்தாலும், வயிறு கல்லாக இருந்தாலும் அப்படித்தான்.

கயலுக்கு இப்போது பதினோரு மாதம். எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு நீ வரும்போது உன்னிடம் தாவுவாள் பார்.

பேரனின் கிளினிக் புத்தகத்தில் எடை குறித்திருக்கும் பக்கத்தைப் புகைப்படம் எடுத்து இன்றே எனக்கு அனுப்பு. வெளிக்குப் போனதும் எந்த நேரமானாலும் கூப்பிடு, நடுராத்திரியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
மங்கை