வடசென்னைப் பறவைக் கணக்கெடுப்பு: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். பொங்கல் விடுமுறையில் எண்ணூர் கழிமுகம் தொடங்கி மணலி, மாதவரம், ரெட்டேரி, புழல் என்று அலைந்து எண்ணியவர்களுக்கும், பார்க்கும் ஒவ்வொரு பறவை இனத்துக்கும் 5 ரூபாய், 10 ரூபாய் என்று ஒப்புக்கொண்டு பறவை ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் பணம் தந்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

முதல் நன்றி, 'தெரியவில்லை' என்று எழுதியவர்களுக்கு. இனத்துக்கு இவ்வளவு என்று பேசிவிட்டாலே பட்டியலில் இன்னொன்றைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். ஆலா என்ற நீர்ப்பறவைகளில், குளிர்காலத்தில் மீசை ஆலாவும் வெண்சிறகு ஆலாவும் ஏறக்குறைய ஒரே சாயல். வெண்சிறகு ஆலாவுக்குக் காதை மூடினாற்போல ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், வாலுக்கு மேலே வெளுத்திருக்கும். மீசை ஆலாவுக்கு அந்த இடம் முதுகைப் போலவே சாம்பல். எதிர்வெயிலில் இதெல்லாம் தெரியவே தெரியாது. அப்போது 'ஏதோ ஓர் ஆலா' என்று எழுதிவிட்டு அந்தக் காசை விட்டுக்கொடுத்தீர்களே, அதனால்தான் இந்தக் கணக்கை நம்பி ஆராய்ச்சியாளர் கையில் கொடுக்க முடிகிறது.

எண்ணும் ஒவ்வொரு பறவைக்கும் இவ்வளவு என்று தர முன்வந்த சிலர், நாங்கள் கேட்டதும் இனக்கணக்குக்கு மாறினார்கள். அவர்களுக்குத் தனி நன்றி. கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவையின் பெருங்கூட்டம் ஒன்று எழும்பினால் கொடுப்பவர் பாடு திண்டாட்டம், எண்ணுபவருக்கோ கூட்டிச் சொல்லும் சபலம். உச்சவரம்பையும் முன்கூட்டியே எழுதித் தந்தவர்களிடம் வசூல் சிக்கலில்லாமல் முடிந்தது.

எண்ணூரில் படகுக்காரர்களும், சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களும் இல்லையென்றால் எங்கள் வேலை நடந்திருக்காது. தண்ணீர் வற்றும்போது உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் திட்டெங்கும் சிதறி மேயும். ஏறும்போது மிஞ்சிய திட்டில் நெருங்கி நிற்கும். எண்ணுவதற்கு அதுதான் நேரம். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்துவிட்டால் கடலின் ஏற்ற இறக்க அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் கழிமுகத்துக்குள் பொருந்தாது. எந்தத் திட்டு எப்போது முழுகும் என்பதை இவர்கள்தான் சொன்னார்கள். திட்டை நெருங்கும்போது இன்ஜினை அணைத்துக் கழி ஊன்றியதும் பெரிய உதவி. கலைந்த கூட்டம் அடுத்த குழுவின் திட்டில் போய் இறங்கினால் ஒரே பறவை இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும்.

பெருங்கூட்டத்தை எண்ணியவர்கள் முறை தவறவில்லை. முதலில் 50 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அந்த அளவால் கூட்டம் முழுவதையும் அளந்தார்கள். பார்ப்பவர் பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதினார். காசிமேட்டில் இது நடக்காது. மீன் ஏலத்துக்கு மேலே கரும்பருந்துகள் சுற்றிச் சுற்றி வரும். வர வரக் கூட்டினால் கணக்கு எங்கோ போய்விடும். ஒரே பார்வையில் அதிகபட்சம் எத்தனை தெரிந்ததோ அதை மட்டும் எழுதிய குழுவுக்கு ஒரு சபாஷ்.

ராயபுரம், வண்ணாரப்பேட்டை மொட்டைமாடிகளில் 15 நிமிடம் நின்று காகம், மாடப்புறா, மைனாவைக்கூட விடாமல் எழுதியவர்களுக்கும் நன்றி. இவற்றை விட்டுவிட்டால் அது முழுப் பட்டியல் ஆகாது. நாளைக்குக் காகம் குறைந்தால் அது தெரியாமலே போய்விடும்.

பறவைப் பட்டியல்களைப் பதியும் இணையதளமான இபேர்டில் பட்டியல் ஏற்றியவர்களுக்கு இரவு வெகுநேரம் பிடித்தது. புழலையும் ரெட்டேரியையும் ஒரே பட்டியலில் போட்டு வந்தவற்றை இடவாரியாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை இடம் மாறியதும் புதுப் பட்டியல் தொடங்குங்கள், புண்ணியமாகப் போகும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, எண்ணூரில் கூழைக்கடாக்கள் கறை படிந்து நின்றதை ஊரே பார்த்தது. அதனால் எத்தனை குறைந்தன என்று சொல்ல, அதற்கு முன் எத்தனை இருந்தன என்ற கணக்கு வேண்டும். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், 1987 முதல் ஜனவரிதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் சேர்த்துவைப்பது அதைத்தான்.

ஜிபேயில் பெயர் குறிக்காமல் பணம் அனுப்பியவர்கள் எந்தக் குழுவுக்கு ஒப்புக்கொண்டீர்கள் என்று உங்கள் குழுத் தலைவரிடம் சொல்லிவிடுங்கள். ரசீது அதற்காகத்தான் காத்திருக்கிறது. இரவல் வாங்கிய பைனாகுலர்களை உப்புக்காற்றின் பிசுக்கு போகத் துடைத்த பிறகே திருப்பித் தருவோம்.

நன்றியுடன்,
கணக்கெடுப்புக் குழுவினர்,
வடசென்னை