ஃப்ளோரிடா போகும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அக்கா, அண்ணன்மாருக்கும் ஆயா, தாத்தாமாருக்கும் வணக்கம்.

டர்பனில் சாட்ஸ்வர்த், மேர்பேங்க், ஃபீனிக்ஸ் பக்கம் பாதிப் பேர் போனில், எங்கள் டிராவல்ஸ் கடையைப் பற்றிய அந்த வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் இந்நேரம் வந்திருக்கும். “டிஸ்னி டிக்கெட்டை நாமே ஆன்லைனில் எடுக்கலாம், இவங்க சும்மா பட்டனை அழுத்திட்டுக் காசு கறக்குறாங்க” என்று. பேசியவர் யார் என்று எங்களுக்குத் தெரியும். அவரோடு சண்டை ஒன்றும் இல்லை, கோயிலில் பார்த்தால் இப்போதும் வணக்கம் சொல்வோம். ஆனால் அதைக் கேட்டுவிட்டு, முன்பணம் கட்டியவர்களே கடைக்கு வந்து ஒரு மாதிரி பார்க்கும்போது பேசாமல் இருக்க முடியவில்லை.

ஆன்லைனில் நீங்களே எடுக்கலாம் என்பது உண்மைதான், யார் இல்லை என்றது? நம்ம டர்பன் உஷாகா கடல் பூங்காவுக்குப் போகிற மாதிரி காலையில் கிளம்பி வாசலில் டிக்கெட் வாங்குகிற இடம் என்றால், எங்களிடம் வரவே வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிடுவோம். ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் அப்படி இல்லை. மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு பூங்கா, தேதிக்கு ஒரு விலை. ஒரு நாள் டிக்கெட் 119 டாலரில் தொடங்கி, கிறிஸ்மஸ் வாரத்தில் மேஜிக் கிங்டத்துக்கு 200 டாலரை ஒட்டிப் போய்விடும். அந்த வாரம் விழுவதும் நம் பிள்ளைகளின் பள்ளி லீவில்தான். வாய்ஸ் நோட்டில் சொன்ன விலை செப்டம்பர் விலை. நாங்கள் அவருக்குப் பில் போட்டது டிசம்பர் 27ஆம் தேதிக்கு.

அது மட்டுமா? திரையில் முதலில் தெரிவது வரி சேராத விலை. பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால்தான் வரி ஏறும். பிள்ளைகளுக்கும் ஒரு கணக்கு உண்டு: 3 வயதுக்குக் கீழே இலவசம், 3 முதல் 9 வரை சிறுவர் கட்டணம், 10 வயது ஆகிவிட்டால் பெரியவர் கட்டணம். இதில் புக் செய்கிற நாளின் வயதைப் பார்ப்பதில்லை, பூங்காவுக்குள் நுழைகிற நாளின் வயதைத்தான் பார்ப்பார்கள். வாய்ஸ் நோட் போட்டவர் வீட்டுச் சின்னவருக்கு நவம்பரில் பத்து வயது முடிகிறது. பெரியவர் டிக்கெட் போட்டோம். அதைத்தான் ஏமாற்று என்கிறார்கள். பிறந்தநாள் தேதியை நாங்களா குறித்தோம்?

அப்புறம் அந்தப் “பட்டன்”. நீண்ட வரிசையில் நிற்காமல் ரைடுக்குப் போக லைட்னிங் லேன் என்று ஒன்று, அதற்குத் தனிக் காசு. டிஸ்னி ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு 7 நாள் முன்னால், வெளியே தங்குகிறவர்களுக்கு 3 நாள் முன்னால், அங்கே காலை 7 மணிக்கு அதற்கான புக்கிங் திறக்கும். டர்பனில் அப்போது மதியம் 2 மணி. மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைப்பதால் 1 மணி. நீங்கள் வேலையில் இருக்கிற நேரம். மூன்று ரைடைத் தேர்ந்தெடுத்து, நேரம் பார்த்து, கார்டு நம்பர் போட்டு, பேங்க் அனுப்புகிற ஒப்புதலை அழுத்துவதற்குள் நல்ல நேரமெல்லாம் வேறு யாரோ எடுத்திருப்பார்கள். சாப்பாட்டு மேசையை புக் செய்ய 60 நாள் முன்னாலேயே கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும். சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் சாப்பிட வேண்டும் என்று கேட்காத பேத்தி யார் இருக்கிறாள்? மாட்டிறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம் என்பதை புக்கிங்கிலேயே எழுதி வைப்பதும் நாங்கள்தான். லோட்ஷெடிங் மின்வெட்டுக் காலத்தில் இதையெல்லாம் எப்படிச் செய்தோம் என்பது தனிக் கதை.

நான்கு நாள் டிக்கெட்டில் இரண்டு நாள் மிச்சம், பாதி விலைக்குத் தருகிறேன் என்று இணையத்தில் யாராவது சொன்னால் தயவுசெய்து வாங்காதீர்கள். வாசலில் விரலை வைத்துப் பார்க்கிறார்கள். ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் போக முடியாது.

ஃப்ளோரிடா வேலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் பிள்ளை கல்யாணமாகி ஜோஹன்னஸ்பர்க் போய்விட்டது பலருக்குத் தெரியும். நல்ல இடம், எங்களுக்கும் சந்தோஷம். ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் போட்டாலும் பதில் சொல்லும் பிள்ளை. இப்போது நானும் மகனும்தான், பதில் வர மறுநாள் ஆனால் கோபிக்க வேண்டாம். ரேண்ட் ஆடுகிற ஆட்டம், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு பேங்க் பிடிக்கிற காசு எல்லாம் பார்த்து, அடுத்த மாதம் முதல் பயணத்தைத் திட்டமிட்டுத் தருவதற்கான எங்கள் கட்டணம் குடும்பத்துக்கு 1,800 ரேண்ட், விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது, சனிக்கிழமை வழக்கம்போல் 12 மணி வரை கடை உண்டு.

2020 மார்ச்சில் பூங்காக்கள் எல்லாம் மூடியபோது எங்கள் கடையும் மூடியிருக்க வேண்டியது. “பணம் இப்போ வேணாம், நீயே வச்சிரு, திறந்ததும் போறோம்” என்று சொன்ன குடும்பங்கள் இருக்கிறார்கள். அமெரிக்கா நம்மை மறுபடி உள்ளே விட 2021 நவம்பர் ஆனது, அதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டோங்காட்டிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலோடு வருகிற ஆயாவும் அதில் ஒருவர். உங்களால்தான் இந்த மேசையும் கம்ப்யூட்டரும் இன்னும் இங்கே இருக்கின்றன. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

டிசம்பர் பயணம் நினைப்பவர்கள் டிக்கெட்டுக்கு முன்னால் விசா நேர்காணல் தேதியை எடுங்கள். டர்பன் கான்சுலேட்டிலேயே நடக்கிறது. 185 டாலர் விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது, பூங்கா டிக்கெட் பணமும் அப்படித்தான். அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் பிள்ளையைக் கூட்டிப் போனால், மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

பில்லில் சந்தேகம் உள்ளவர்கள் அதை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள். திரையை உங்கள் பக்கம் திருப்பி வைத்து, ஒவ்வொரு வரியாகக் காட்டுகிறோம். வாய்ஸ் நோட் போட்டவரும் வரலாம்.

அன்புடன்,
கடைக்காரர்