பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கும் மாணவர்களை அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் பற்றி உங்கள் இதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். எப்படி விண்ணப்பிப்பது, விசாவுக்கு என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் விவரமாக இருந்தது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்கும் பாதிக்கப்பட்டோர் உதவி, அவர்களும் குற்றம் செய்தவரும் பேசிக்கொள்ள வழி செய்யும் சீரமைப்பு நீதி ஆகிய துறைகளுக்கு அதில் ஒரே ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்குள் நான் நான்கு மாதம் இருந்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே குற்றவியலில் முதுகலை முடித்துவிட்டு, மேற்படிப்புக்காகக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் போனேன். இங்கே படித்த இரண்டு வருடத்தில் காவல் நிலையம், மத்திய சிறை, கூர்நோக்கு இல்லம், தடயவியல் கூடம் எல்லாவற்றுக்கும் எங்களை அழைத்துப் போனார்கள். கைதிகளிடம் பேட்டி எடுத்து ஆய்வேடு எழுதினேன். ஆனால் திருட்டுக் கொடுத்த ஒருவர் வீட்டுக்கு ஒரு நாள்கூடப் போனதில்லை. அது ஒரு குறை என்று எனக்கே அப்போது தோன்றவில்லை.

அங்கே படிப்பின் பகுதியாகப் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் ஓர் அமைப்பில் சேர்ந்தேன். சேருவதற்கு முன் காவல்துறைச் சான்று கேட்டார்கள். பலவீனமான நிலையில் இருப்பவர்களோடு வேலை செய்யப் போகிறவர் யார் என்று தெரிய வேண்டுமல்லவா, அதற்காக. அப்புறம் பயிற்சி. முதல் பாடமே என்னை உலுக்கியது. நமக்குத் தெரிந்த ஆறுதல் வார்த்தைகளை எழுதச் சொன்னார்கள். "நடந்தது நடந்துபோச்சு, மறந்துடுங்க", "பொருள் போனா போகட்டும், உயிர் தப்பிச்சதே பெரிசு", "நீங்க ஏன் அந்த நேரத்தில் தனியா போனீங்க?" என்று எழுதினேன். இழவு வீட்டிலும் திருட்டு நடந்த வீட்டிலும் நாம் இதைத்தானே சொல்கிறோம்? மூன்றையும் ஆங்கிலத்தில் விளக்கியபோது மேற்பார்வையாளர் பொறுமையாகக் கேட்டார். முதல் இரண்டும் பேசவிடாமல் வாயை அடைக்கின்றன, மூன்றாவது பழியை அவர்மேலேயே போடுகிறது என்றார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. செயினைப் பறிகொடுத்த என் சித்தியிடம் நான் சொன்ன வார்த்தைகள் அவை.

இரண்டாம் மாதம் ஒரு வழக்கில் மொழிபெயர்க்க என்னை உட்காரவைத்தார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல ஆண்டுகளாக அங்கே வாழும் வயதான அம்மா. கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டை உடைத்து நகையை எடுத்துவிட்டார்கள். பிடிபட்டது 17 வயதுப் பையன். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். நகையைப் பற்றித்தான் அந்த அம்மா கேட்பார் என்று நினைத்துப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது, "பிள்ளை, அவன் திரும்பி வருவானோ? என்ர வீட்டை ஏன் பாத்தவன்?" இந்த இரண்டு கேள்விக்கும் பதில் நீதிமன்றத்தில் இல்லை, காவல்துறையிடமும் இல்லை. பதில் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பையன்.

சீரமைப்பு நீதி என்பது அந்தக் கேள்வியைக் கேட்க வழி செய்து கொடுப்பதுதான். இது தொடங்கிய இடமாகப் பலரும் சொல்வது அதே ஒன்டாரியோவில் உள்ள எல்மைரா என்ற சிற்றூர். 1974 மே மாதத்தில் ஒரு ராத்திரி இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு 22 இடங்களில் அட்டகாசம் செய்தார்கள். கார் டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள். அவர்களைப் பற்றி அறிக்கை எழுத வேண்டிய நன்னடத்தை அலுவலர், இவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் போய்ச் சந்தித்தால் என்ன என்று நீதிபதியிடம் கேட்டார். முதலில் தயங்கிய நீதிபதி பிறகு ஒப்புக்கொண்டார். இருவரும் வீடு வீடாகக் கதவைத் தட்டி, செய்தது நாங்கள்தான் என்று சொல்லி, நஷ்டத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். சில மாதங்களில் பணத்தையும் கட்டினார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இருவரில் ஒருவர் கல்லூரியில் படிக்கச் சேர்ந்தார். வகுப்பில் பாடமாக நடந்தது அவருடைய கதையேதான். பின்னாளில் அவரே இந்த வேலையில் தன்னார்வலராகச் சேர்ந்தார்.

நியூசிலாந்தில் 1989-லேயே இளம் குற்றவாளியும் குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் குடும்பக் கூட்டம் என்ற முறையைச் சட்டமாக்கிவிட்டார்கள். கனடாவில் 2015-ல் வந்த பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம், இப்படி ஒரு வழி இருக்கிறது என்ற தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையை அவர்களுக்குத் தருகிறது.

அந்த அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். இருவரும் சந்திக்கலாமா என்று அமைப்பினர் அவரோடும் பையனோடும் தனித்தனியாகப் பல முறை பேசினார்கள். யார் எங்கே உட்காருவது, யார் முதலில் பேசுவது, பாதியில் எழுந்து போக நினைத்தால் என்ன செய்வது, எல்லாம் கேட்டு முடிவு செய்தார்கள். கடைசியில் அம்மா, "எனக்கு அவன்ர முகத்தைப் பாக்க ஏலாது" என்றார். சரி என்று அதோடு விட்டார்கள். யாரும் வற்புறுத்தவில்லை. பையன் எழுதிக் கொடுத்த பதிலை நான் தமிழில் வாசித்தேன். விளக்கு எரியாத வீடாகப் பார்த்து நுழைந்தானாம், இது யார் வீடு என்றே அவனுக்குத் தெரியாதாம். அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சந்திப்பு நடக்கவில்லையே என்று நான் வருத்தப்பட்டேன். வேண்டாம் என்று அவர் சொன்னதும், அதை நாம் கேட்டதும்தான் இங்கே வேலை என்றார் மேற்பார்வையாளர்.

இதை ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் சொன்னபோது, "இது நம்ம ஊர் கட்டப்பஞ்சாயத்துதானே" என்றார். இல்லை. கட்டப்பஞ்சாயத்தில் பாதிக்கப்பட்டவர் வேண்டாம் என்று சொல்ல முடியாது, சாதியும் பணமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம், சிறுமியாக இருந்தபோது பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் வழக்கில், தண்டனை பெற்றவருக்கு ஜாமீன் கொடுத்து சமரசம் பேசச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பெண் மறுத்தார். இத்தகைய வழக்குகளில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்ன பிறகு, அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. சீரமைப்பு நீதியின் பெயரால் இப்படி ஒன்று நடந்துவிடக்கூடாது என்று எனக்கும் பயம் உண்டு. அதனால்தான் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும் என்கிறேன்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு தரும் 357-ஏ பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2009 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது; அதற்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இப்போது அது 396. இந்தப் புதிய சட்டத்தின் 193-வது பிரிவு, காவல்துறை விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020 விதிகளின்படி குழந்தைக்குத் துணையாக ஓர் ஆதரவு நபரை நியமிக்கலாம். இந்த வேலைகளுக்கெல்லாம் ஆள் எங்கே? சித்தியின் செயினைப் பறித்துக்கொண்டு போய் ஆறு வருடமாகிறது. அடையாளம் காட்ட ஒரு முறை கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். இன்றும் காலையில் கோலம் போடும்போது பைக் சத்தம் கேட்டால் மாவுக் கிண்ணத்தோடு உள்ளே போய்விடுகிறார். ஊருக்குத் திரும்பியதும் அவரிடம், "அன்னிக்கு என்ன நடந்துச்சு சித்தி?" என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். ஆறு வருடத்தில் யாரும் கேட்கவில்லையாம்.

வெளிநாடு போக எல்லோராலும் முடியாது. பெரும்பாலான இடங்களில் ஊதியமும் கிடையாது. என் அப்பா கடன் வாங்கித்தான் அனுப்பினார். எனவே குற்றவியல், சமூகப் பணி, சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு பருவமாவது இங்கேயே பாதிக்கப்பட்டோர் உதவியில் களப்பயிற்சி கொடுங்கள் என்று பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையமும் அதற்குப் பொருத்தமான இடங்கள். ஆனால் மேற்பார்வை இல்லாமல் மாணவர்களை அங்கே விடக்கூடாது; கேட்ட துயரத்தை இறக்கிவைக்க அவர்களுக்கும் ஓர் ஆள் வேண்டும். எனக்குக் கனடாவில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு மணி நேரம் அதற்கென்றே ஒதுக்கியிருந்தார்கள்.

அடுத்த முறை இன்டர்ன்ஷிப் பற்றி எழுதும்போது, வெளிநாட்டு அமைப்புகளை மட்டுமல்லாமல், நம் மாவட்டங்களில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கும் அலுவலகங்களையும் விசாரித்து வெளியிடுங்கள். உதவிக்கு ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் குற்றவியல் மாணவி,
பாளையங்கோட்டை