பள்ளி நேரத்தில் சைக்கிள் பயிற்சி கோரி மனு

அனுப்புநர்:
ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை

பொருள்: மாணவ மாணவியருக்குச் சாலையில் பாதுகாப்பாக சைக்கிள் ஓட்டும் பயிற்சியைப் பள்ளியிலேயே அளிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது நான்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஒரு நாள் கையை விட்டேன், விழாமல் போனாள். சரி, கற்றுக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். சில மாதம் கழித்து, பள்ளியிலிருந்து வரும் வழியில், பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்திருக்கிறாள். தலை திரும்பிய பக்கமே ஹேண்டில்பாரும் திரும்பிவிட்டது. பின்னால் வந்தவர் சட்டென்று பிரேக் பிடித்ததால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. விழாமல் ஓட்ட மட்டும்தானே சொல்லிக்கொடுத்திருந்தேன்.

நேராகப் போய்க்கொண்டே தோளுக்குப் பின்னால் பார்ப்பது தனியாகப் பழக வேண்டிய வித்தை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, பிள்ளை அதன் மேல் ஓட்டிப் போகும்போது பின்னால் நிற்பவர் விரல்களைக் காட்ட வேண்டும். கோட்டை விட்டு விலகாமல் எத்தனை விரல் என்று பிள்ளை சொல்ல வேண்டும். இது வந்த பிறகுதான் ஒரு கையை எடுத்து சிக்னல் காட்டுவது. பிரேக்கும் அப்படித்தான். முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தால் ஆளைத் தூக்கி முன்னால் எறியும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் வண்டி நிற்க நேரமாகும், மணலில் சறுக்கும். இரண்டையும் சேர்த்து, வளைவுக்கு முன்பே பிடிக்கப் பழக வேண்டும். நிற்கும் காரை ஒட்டிப் போனால் கதவு திறந்து இடிக்கும். திரும்பும் லாரியின் பின்சக்கரம் முன்சக்கரத்தை விட உள்வாங்கி வரும் என்பது பெரியவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இதைப் பள்ளியில் கற்றுக்கொடுப்பது புதிதல்ல. நெதர்லாந்தில் 1932 முதலே பள்ளிப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துத் தேர்வு இருக்கிறது. ஜெர்மனியில் பொதுவாக நான்காம் வகுப்பில் போலீசாரும் சேர்ந்து பயிற்சி தருகிறார்கள். இங்கிலாந்தில் 2007-இல் தொடங்கிய திட்டத்தில் மூன்று படிகள்: முதலில் மைதானம், அப்புறம் நெரிசல் இல்லாத தெரு, கடைசியில் போக்குவரத்து மிகுந்த சாலை.

ஆகவே, வரும் கல்வியாண்டில் சில பள்ளிகளிலாவது இதைத் தொடங்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். உடற்கல்வி ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி தர வேண்டும். வகுப்பு பள்ளி நேரத்திலேயே நடக்க வேண்டும். மாலையில் வைத்தால், அழைத்துப்போக ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள்தான் வருவார்கள். சைக்கிள் இல்லாத பிள்ளைகளுக்காகப் பள்ளியில் சில சைக்கிள்கள், வெவ்வேறு உயரத்தில், இருக்கட்டும். அண்ணனின் பெரிய சைக்கிளில் கால் எட்டாமல் பழகுவது ஆபத்து. ஓட்டும் முன் காற்று, பிரேக், செயின் பார்ப்பதையும், ஹெல்மெட்டை நெற்றி மறைய, வார் இறுகப் போடுவதையும் அங்கேயே சொல்லிக்கொடுத்துவிடலாம். மதிப்பெண் வேண்டாம். வரிசையில் நிறுத்தி உறுதிமொழி வாசிக்க வைப்பதும் தயவுசெய்து வேண்டாம். அந்த நேரத்தில் இன்னொரு சுற்று ஓட்டட்டும்.

தெருவில் பயிற்சி நடக்கும் நாட்களில் முனைகளில் நின்று பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் தேவைப்படுவார்கள். அழைத்தால் நான் வருகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)