முதல் கியரில் நின்ற வண்டி

மதுரை

அன்புள்ள மாப்பிள்ளை,

நம் சேர்மன் போய்ச் சேர்ந்த செய்தி உனக்கு எட்டியிருக்கும். ஆனால் எப்படிப் போனான் என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். உனக்காவது உள்ளது உள்ளபடி தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நத்தம் பக்கம் குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பில் காய் இறக்கிவிட்டு, இருட்டிய பிறகு பைக்கில் திரும்பியிருக்கிறான். மலையடிவாரத்தில் ஒரு காட்டுமாடு சாலையைக் கடந்தது. அதைப் பார்த்து வண்டியை நிறுத்தி, அது எதிர்ப்புறப் புதருக்குள் இறங்கும்வரை காலை ஊன்றிக் காத்திருந்தவன், மறுபடி வண்டியை எடுத்த நேரத்தில், பின்தங்கி வந்த இன்னொன்று பக்கவாட்டில் பாய்ந்து முட்டித் தள்ளிவிட்டது. அங்கே டீக்கடை வைத்திருப்பவர் கண்ணால் கண்டு என்னிடம் சொன்னது இது. இருட்டில் உடம்பே தெரியவில்லை, வெள்ளைக் கால்கள் மட்டும் ஓடி வந்தன என்றார். உண்மைதான், முழங்காலுக்குக் கீழேதான் அதற்கு வெள்ளை, மற்றதெல்லாம் கருமை. வளர்ந்த காளை 1,000 கிலோ வரை இருக்கும். கூட்டமாகத் திரியும் விலங்கு என்பதால், ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் வரக்கூடும் என்று மலையோரத்துக்காரர்கள் நின்று பார்த்துத்தான் போவார்கள். மாட்டின் மீது எனக்குக் கோபம் இல்லை. அது தன் கூட்டத்தைத் தேடி ஓடியது.

கோபமெல்லாம் துக்கத்துக்கு வந்த இடத்தில், "வேகமாப் போயிருப்பான்" என்று அவன் தலைமாட்டிலேயே பேசியவர்கள் மீதுதான். சேர்மனா வேகம்? கோரிப்பாளையத்தில் சைக்கிள்காரர் முந்திப் போன கதையை நீயல்லவா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய்! காவல் நிலையத்தில் அவன் வண்டியைப் பார்த்தேன். ஹேண்டில் திருகிக் கிடக்கிறது, பையில் நசுங்கிய செந்தூரப் பழங்களில் ஈ மொய்க்கிறது, ஆனால் வண்டி இன்னும் முதல் கியரில்தான் நிற்கிறது. அதிவேகம் என்ற சொல் எந்தக் காகிதத்திலும் அவன் பெயரோடு சேர்ந்து நிற்கக் கூடாது, மாப்பிள்ளை. டீக்கடைக்காரர் சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார்.

இன்னொரு கவலை தங்கச்சியும் பிள்ளைகளும். இடித்தது மாடு, யாரிடம் நஷ்டஈடு கேட்பது என்று எல்லாரும் கைவிரிக்கிறார்கள். எதிரில் வேறு வண்டி இல்லாவிட்டாலும், உரிமையாளரே ஓட்டி இறந்தால் 15 லட்சம் ரூபாய் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. 2018-இல்தான் தொகையை அந்த அளவுக்கு உயர்த்தினார்கள். அதற்கான பிரீமியத்தை அவன் கட்டியிருந்தானா என்பதை பாலிசியைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஆர்.சி. அவன் பெயரில்தான் இருக்கிறது, லைசென்ஸும் நடப்பில் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகலையும் உடற்கூறாய்வு அறிக்கையையும் நான் வாங்கி வைக்கிறேன். காப்பீட்டுத் துறையிலேயே தலை நரைத்தவன் நீ. தங்கச்சியோ எதையும் கேட்டுப் பெறுகிற நிலையில் இல்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாளே வந்துவிடு. பாலிசி அவன் பீரோவில்தான் இருக்க வேண்டும், உட்கார்ந்து தேடுவோம்.

உன்,
கணக்கு