ஆசிரியருக்குக் கடிதம்: பாபிலோனை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழை இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாசித்து வருகிறேன். மழைக்காலத்தில் இங்கே பர்மாவில், ரங்கூனிலிருந்து மோல்மேனுக்கு வந்து சேரும்போது உறை ஊறிப்போயிருக்கும். பக்கங்களைப் பிரித்து அடுப்படிக் கொடியில் காயப்போட்டு, காய்ந்த பிறகு வாசிக்கிறவள் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற இதழில் வேதாகமத்தை அறிமுகப்படுத்தும் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. பழைய ஏற்பாடு யூதர்களின் பழங்கதை, நமக்கு இயேசுவின் மலைப்பிரசங்கம் ஒன்றே போதும் என்று அதை எழுதியவர் சொல்லியிருக்கிறார். தாங்களும் அதை அப்படியே அச்சிட்டிருக்கிறீர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மலைப்பிரசங்கத்தையாவது அவர் முழுதாக வாசித்திருக்கலாம். மத்தேயு 5ஆம் அதிகாரம் 17ஆம் வசனம் அந்தப் பிரசங்கத்துக்குள்தானே இருக்கிறது? நியாயப்பிரமாணத்தையோ தீர்க்கதரிசனங்களையோ அழிப்பதற்கு வந்தேன் என்று எண்ணாதீர்கள் என்று ஆண்டவரே சொல்கிறார். "இதோ, தேவ ஆட்டுக்குட்டி" என்று யோவான் ஸ்நானன் கைநீட்டிக் காட்டினானே, அது எந்த ஆட்டுக்குட்டி? எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இரவு இஸ்ரவேலர் ஆட்டுக்குட்டியின் இரத்தத்தை வாசல்நிலைக்கால்களில் பூசியதை வாசிக்காதவனுக்கு அந்தச் சொல் என்ன சொல்லும்? எம்மாவு சாலையில் மனம் உடைந்து நடந்த இருவருக்கு, உயிர்த்தெழுந்தவர் மோசே தொடங்கி எல்லாத் தீர்க்கதரிசிகளையும் விளக்கிக் காட்டினார். மலைப்பிரசங்கமே போதும் என்று அவர் அன்று சொல்லவில்லை.

பழைய ஏற்பாட்டைக் கழற்றிவிடலாம் என்ற யோசனை புதிதல்ல என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டாம் நூற்றாண்டுப் போதகர் மார்சியோன் அதைச் சொன்னதற்காகத்தான் கி.பி. 144 வாக்கில் ரோமாபுரிச் சபை அவரை வெளியேற்றியது. அதே பேச்சு இன்று தமிழில், பர்மாவில், தங்கள் இதழில் வருகிறது.

நம் மொழிக்கு வேதத்தைக் கொண்டுவந்தவரையாவது நினைத்திருக்கலாம். தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்துவிட்டார். அதுவே போதுமென்றால் அத்தோடு பேனாவைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஆதியாகமத்திலிருந்து மொழிபெயர்க்கத் தொடங்கி, ரூத்து வரை வந்திருந்தபோது 1719இல், 36 வயதில், கண்ணை மூடினார். இங்கே பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயரும் அப்படித்தான். பர்மிய மொழியில் புதிய ஏற்பாட்டை 1823இலேயே முடித்தவர். அந்தக் கையெழுத்துப் பிரதியைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துத்தான், அன்றைய பர்மியத் தலைநகர் ஆவாவின் சிறையில் காப்பாற்றினார்கள். விலங்கு கழன்று வெளியே வந்தவர் ஓய்ந்து உட்காராமல் பழைய ஏற்பாட்டைக் கையில் எடுத்தார். கடைசிப் பக்கத்தை முடித்தது 1834 ஜனவரி 31ஆம் தேதி, நான் இதை எழுதுகிற இதே மோல்மேனில். தேவையற்ற பழங்கதைக்காகவா அந்த மனிதர் அத்தனை வருடம் உழைத்தார்?

கட்டுரையாளரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் சபைகளிலேயே இந்த வேலை எப்போதோ நடந்துவிட்டது. நான் 31 ஆண்டுகளாக ஓய்வுநாள் பள்ளியில் பாடம் சொல்லித்தருகிறேன். பிள்ளைகளுக்குப் பரிசாகச் சட்டைப்பையில் அடங்கும் புதிய ஏற்பாட்டைக் கொடுக்கிறோம். வேதமே அவ்வளவுதான் என்று நினைத்து வளர்கிறார்கள். ஒரு வாரம் நோவாவின் பேழை, மறு வாரம் தாவீதும் கோலியாத்தும், அதற்கடுத்த வாரம் சிங்கக்கெபியில் தானியேல். ஒவ்வொன்றின் முடிவிலும் "கீழ்ப்படிய வேண்டும்", "பயப்படக் கூடாது" என்று ஒரு பாடம். மணிகள் இருக்கின்றன, கோத்த நூல் எங்கே?

போன மழைக்காலத்தில் ஒரு நாள் வகுப்பறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் கயிறு கட்டினேன். பத்துச் சீட்டுகளில் ஆபிரகாம், யோசேப்பு, மோசே, ரூத்து, தாவீது, எரேமியா, எஸ்றா என்று பெயர்களை எழுதி, வரிசைப்படி கிளிப் மாட்டச் சொன்னேன். மனப்பாட வசனத்தில் மூன்று ஆண்டு தொடர்ந்து முதல் பரிசு வாங்கிய பெண், மோசேயைக் கொண்டுபோய்ப் பவுலுக்குப் பக்கத்தில் மாட்டினாள். எரேமியாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளை மீது தவறில்லை. அவளுக்கு அந்த வரிசையை நாங்கள் சொல்லித்தந்ததே இல்லை.

எரேமியா என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் வீடுகளில் தொங்கும் வசனக் காலண்டர்களில் எரேமியா 29:11 தவறாமல் இருக்கும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் வேலை தேடுகிறவனுக்கும் இதைத்தான் சொல்லி அனுப்புகிறோம். அது யாருக்கு எழுதிய கடிதம்? ஊரை இழந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு. அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று இருக்கிறது. எந்தக் காலண்டரிலும் அந்த வசனத்தை நான் பார்த்ததில்லை.

எனக்கு அந்த அதிகாரம் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். 1964இல் எனக்கு எட்டு வயது. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த ஆண்டு. கடைகள் அரசுடைமையாகி, நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். எங்கள் அப்பாவின் அரிசிக் கடையும் போயிற்று. பக்கத்து வீட்டார் புறப்பட்ட இரவு, அவர்கள் வளர்த்த பூனை எங்கள் வாசலில் வந்து கத்திக்கொண்டே இருந்தது. நாமும் போய்விடலாம் என்று அம்மா அழுதார். அப்பா பதில் பேசாமல் சிமினி விளக்கைத் தரையில் வைத்துக்கொண்டு எரேமியா 29ஐ முதலிலிருந்து வாசித்தார். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். மறுநாள் காலையில் எங்கிருந்தோ ஒரு முருங்கைக் கிளையை வெட்டிக்கொண்டு வந்து கொல்லையில் ஊன்றினார். அதன் தலையில் சாணியை அப்பி வைத்த அவருடைய கட்டைவிரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த மரத்துக் கீரையைத் தின்றுதான் நாங்கள் ஐந்து பேரும் வளர்ந்தோம். அது யூதர்களின் பழங்கதை என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் ஒவ்வோர் ஆண்டும் இதே மனவருத்தம்தான். மத்தேயு முதல் அதிகாரத்தை வாசிக்க எழுந்து நிற்பவர்கள் நேரே 18ஆம் வசனத்துக்குத் தாவிவிடுவார்கள். ஏன் என்று ஒரு முறை கேட்டேன். "வெறும் பெயர்ப் பட்டியல்தானே அம்மா, ஜனங்கள் களைத்துப்போவார்கள்" என்று பதில் வந்தது. அந்தப் பட்டியலில்தான் கதை முழுவதும் இருக்கிறது, ஐயா! பூமியின் வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும் என்று வாக்குப் பெற்ற ஆபிரகாமிலிருந்து தாவீது வரை பதினாலு தலைமுறை. தாவீதிலிருந்து பாபிலோன் சிறையிருப்பு வரை பதினாலு. அங்கிருந்து கிறிஸ்து வரை பதினாலு. வாக்குத்தத்தம், சிங்காசனம், பறிகொடுத்தது, காத்திருந்தது எல்லாம் பதினேழு வசனங்களுக்குள் வந்துவிடுகின்றன. ஏதேன் தோட்டத்தில் கேருபீன்கள் காவல் நின்று வழி அடைத்த ஜீவவிருட்சம், வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் ஒரு நகரத்தின் நடுவே திரும்ப வருகிறது. அதன் இலைகள் ஜாதிகள் ஆரோக்கியமடைவதற்கு. அந்தத் தோட்டத்திலிருந்து அந்த நகரத்துக்குப் போகும் பாதையைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல், வழியில் கிடந்த நாலு கூழாங்கற்களைப் பொறுக்கி அவர்கள் கையில் கொடுக்கிறோம்.

என் வகுப்பில் ஒரு சிறுமி. அப்பா தமிழர், அம்மா மோன் இனத்தவர். இரண்டு பக்க உறவுக்காரர்களும் அவளை அயலாளாகவே பார்ப்பார்கள். அந்தப் பெயர்களை ஒரு நாள் நிறுத்தி நிறுத்தி வாசித்து, ரூத்து மோவாப் தேசத்துப் பெண், தாவீது ராஜாவின் கொள்ளுப்பாட்டி என்று சொன்னேன். "வேற்று நாட்டவளா, டீச்சர்? இயேசுவின் வம்சத்திலா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, புத்தகத்தில் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். 18ஆம் வசனத்துக்குத் தாவியிருந்தால் அவளுக்கு அது கிடைத்திருக்காது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் இதைப் பற்றித் தங்களுக்கு எழுதினேன். நான்கு வரியாகச் சுருக்கி, ஓர் ஓரத்தில் போட்டீர்கள். இடப் பற்றாக்குறையாக இருந்திருக்கும். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அந்தக் கட்டுரைக்கு இரண்டு பக்கம் இருந்ததே என்பதுதான் மனதை அறுக்கிறது.

மறுப்புக் கட்டுரை போடுங்கள் என்று கேட்கவில்லை. வருகிற கிறிஸ்துமஸ் இதழில் மத்தேயு முதல் அதிகாரத்தின் முதல் 17 வசனங்களை, ஒரு பெயரும் விடாமல், தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கிற நம் பிள்ளைகளுக்கும் எட்டும்படி பெரிய எழுத்தில் அச்சிட்டால் போதும். கையால் எழுதி, பிழை பார்த்து, இத்துடன் வைத்திருக்கிறேன். தங்கள் இதழின் அளவுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. அளந்து பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர்,
மோல்மேன்.