கையொப்பம் போட்டாயிற்று, சேமலாப நிதி எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சமூகப் பாதுகாப்புக் கோரிக்கைகளுக்காகத் தொழிற்சங்கங்கள் நடத்தும் இணையவழி மனுக்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். எழுதியவர் படித்தவர், நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் கையொப்பம் தேடி ஆலை வாசலிலும் சந்தையிலும் அலையவேண்டிய காலம் மலையேறிவிட்டது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. யார் அலைந்தார்கள், ஐயா? நான் வேலை செய்த காலத்தில் எங்கள் ஆலை வாசலுக்கு எந்தச் சங்கமும் வந்ததில்லை. வராதவர்களுக்கு அலைச்சல் மிச்சமாகிவிட்டது என்று நாங்கள் சந்தோஷப்படவேண்டுமாக்கும்.

கல்முனைக்குத் தெற்கே ஓர் அரிசி ஆலையில் வேலை செய்தவள் நான். முதலில் அவித்த நெல்லைக் களத்தில் காயப்போடும் வேலை. உயர்தரம் வரை படித்திருந்தபடியால் பிறகு நிறுவைக் கொப்பி எழுத வைத்தார்கள். வயதானபின் கைக்கு வரவேண்டிய ஊழியர் சேமலாப நிதிக்கென்று சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள். முதலாளி தன் பங்காக 12 வீதம் சேர்த்து அடுத்த மாத முடிவுக்குள் கட்டவேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணமும் உண்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி என்ற வேறுபாடு அதில் இல்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. பெண்கள் 50 வயதில் அந்தப் பணத்தை எடுக்கலாம் என்பதும் தெரிந்திருக்கும். எனக்கும் அந்த வயது வந்தது, விண்ணப்பித்தேன். பார்த்தால் இடையில் பல வருடங்களுக்கு என் பெயரில் ஒரு சதமும் கட்டப்படவில்லை. கழித்தது மட்டும் ஒழுங்காகக் கழிக்கப்பட்டிருந்தது.

முறைப்பாடு செய்யப் போனால் சம்பளத் துண்டு கேட்டார்கள். எங்களுக்கு ஏது சம்பளத் துண்டு? காசை எண்ணிக் கையில் தந்து கொப்பியில் கையொப்பம் வாங்குவார்கள், கொப்பி முதலாளியின் மேசை லாச்சிக்குள் போய்விடும். என்னோடு களத்தில் நின்ற பெண்கள் சாட்சி சொல்ல ஆயத்தம்தான். அவர்களில் பலர் இன்னமும் அதே ஆலையில்தான் வேலை செய்கிறார்கள். சாட்சி சொல்லிவிட்டு மறுநாள் காலையில் எந்தக் களத்துக்குப் போவார்கள்?

இந்த நிலையில்தான் சங்கத்துத் தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார், கையில் கைப்பேசியோடு. முறைசாராத் தொழிலாளருக்கு ஓய்வூதியம், மகப்பேற்றுக் கொடுப்பனவு, எல்லாருக்கும் சமூகப் பாதுகாப்பு என்று ஒரு மனு. கோரிக்கையில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். "தம்பி, இதைப் போடுகிறேன். நாளைக்கு என்னோடு தொழில் அலுவலகத்துக்கு வருவீர்களா?" என்று கேட்டேன். "முதலில் இதைப் போடுங்கள் அக்கா, ஆயிரம் தாண்டினால் அமைச்சுக்கு அனுப்பிவிடலாம்" என்றார். போட்டேன். மின்னஞ்சல் முகவரி கேட்டது, மகனுடையதைக் கொடுத்தேன். அந்த முகவரிக்கு ஓர் இணைப்பு வந்தது, அதையும் அழுத்தினோம். முடிந்ததும் திரையில் நன்றி, அதன் கீழே இந்த மனுவைப் பலருக்குக் கொண்டுசெல்ல வங்கி அட்டையால் பணம் கட்டும்படி ஒரு வேண்டுகோள். அந்தப் பணம் சங்கத்துக்கா, தளம் நடத்துகிறவர்களுக்கா என்று கேட்டேன். தளத்துக்காம். பொதுச் சந்தையில் பெட்டிசம் எழுதுகிற ஐயா எழுதுகூலியை முதலே சொல்லிவிடுவார், அது மரியாதை.

ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கையொப்பம்தான். பக்கத்து வீட்டில் தாய், இரண்டு மகள்கள், மருமகள் என்று நான்கு பேர் கூலி வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் இருப்பது ஒரு கைப்பேசி, அதுவும் மருமகனுடையது. ஆக அந்த வீட்டுக் கையொப்பம் மருமகனுடையதாகத்தான் இருக்கும். மகப்பேற்றுக் கொடுப்பனவு கேட்கும் மனுவில்! கொழும்பிலும் லண்டனிலும் டொரண்டோவிலும் இருந்து எங்களுக்காகக் கையொப்பமிடுகிறவர்கள் நல்ல மனம் படைத்தவர்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் எங்களைத் தேடிப் பாருங்கள்.

சரி, ஆயிரம் தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், பிறகு? பிரித்தானியப் பாராளுமன்றத்தின் இணையத்தளத்தில் 10,000 பேர் கையொப்பமிட்டால் அரசாங்கம் பதில் எழுதும், 100,000 ஆனால் விவாதத்துக்கு எடுப்பதைப் பரிசீலிப்பார்கள். நம் பாராளுமன்றத்திலும் பொதுமனுக்கள் பற்றிய குழு இருக்கிறது, அதற்கு மனு போவதென்றால் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகப் போகவேண்டும். எங்கள் மாவட்ட உறுப்பினர் எவரிடமாவது அந்தத் தம்பி இதைக் கொண்டுபோனாரா? உங்கள் கட்டுரையாளராவது அவரிடம் அதைக் கேட்டாரா?

இணைய மனுவே வீண் என்று சொல்கிறவளும் நான் அல்ல. 1998இலிருந்து லேபர்ஸ்டார்ட் என்ற சர்வதேசத் தளம் இந்த வேலையைச் செய்துவருகிறது. வெளிநாட்டு வர்த்தக நாமங்களுக்குத் தைக்கும் ஆடைத் தொழிற்சாலையில் சங்கத் தலைவியை வேலையிலிருந்து நிறுத்தினால், அந்த நாமக்காரனின் மின்னஞ்சல் பெட்டியை நிரப்புவதில் பலன் இருக்கலாம். அவனுக்குப் பெயர் கெடும் என்ற பயம் உண்டு. எங்கள் முதலாளியின் அரிசி கொழும்பு புறக்கோட்டை மொத்தச் சந்தைக்குப் போகிறது. அங்கே மூட்டையின் எடையையும் கல்லையும்தான் பார்ப்பார்கள், களத்தில் நின்றவளுக்குச் சேமலாப நிதி கட்டப்பட்டதா என்று கேட்கமாட்டார்கள். அவருக்கு யார் மின்னஞ்சல் அனுப்புவது? அவருக்கு மின்னஞ்சல் இருக்கிறதோ என்னவோ.

2011ஐ உங்கள் பத்திரிகை மறந்திருக்காது. தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலம் என்று சேமலாப நிதியில் கைவைக்கப் போனார்கள். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத் தொழிற்சாலைப் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் ரொஷேன் சானக என்ற இளம் தொழிலாளியின் உயிர் போனது, அதன் பிறகுதான் சட்டமூலத்தை மீளப்பெற்றார்கள். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு, அதாவது அரசாங்கம் உள்நாட்டில் பட்ட கடனின் நிபந்தனைகளை மாற்றும் வேலை. ஹஜ்ஜுப் பெருநாளையும் எசல போயா விடுமுறையையும் ஒட்டி வங்கிகளை மூடிவிட்டு, ஜூலை 1, சனிக்கிழமை, பாராளுமன்றத்தில் நிறைவேற்றிக்கொண்டார்கள். வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்களை, தொடவில்லை, எங்கள் நிதியின் முறிகளைத்தான் மாற்றினார்கள். அப்போது எந்தத் தெருவில் யார் நின்றார்கள்?

கையொப்பம் இடுவதில் எங்களுக்குப் பழக்கக்குறைவு இல்லை. சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் பேரை இழந்த மாவட்டம் இது. முகாமில் இருந்தபோது பெயர் எழுதாமல் போன நிறுவனம் இல்லை, எழுதிய பெயர்கள் எங்கே இருக்கின்றன என்று இன்றுவரை எவரும் சொன்னதில்லை. அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு வந்தபோது 22 அளவுகோல் வைத்து அளந்தார்கள், மேன்முறையீட்டையும் இணையத்தில் போடலாம் என்றார்கள். கணவனை இழந்த என் தங்கை அன்று பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்றாள், சங்கக்காரர் எவரும் பக்கத்தில் நிற்கவில்லை. சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யலாம். அந்த ஏழு பேரை எங்கள் களத்தில் தேட எவருக்கும் நேரம் கிடைக்கவில்லை, ஆயிரம் பேரைத் தேட நேரம் இருக்கிறது.

உங்களிடமும் ஒரு மனக்குறை உண்டு. மகஜர் கையளிக்கும் படத்தை முன்பக்கத்தில் போடுகிறீர்கள், சிரிப்பும் சால்வையுமாக. மகஜருக்கு என்ன பதில் வந்தது என்ற செய்தி எந்தப் பக்கத்தில் வருகிறது? நான் தினமும் வாங்குகிறவள், கண்ணில் பட்டதில்லை.

நான் கேட்பது சின்ன உதவிதான். இனி இப்படியொரு மனுவைப் பற்றிச் செய்தி வந்தால், அதன் வாசகத்தை முழுதாக அச்சிட்டு, கீழே பெயரும் ஊரும் எழுத நான்கு வரி இடம் விடுங்கள். யாருக்கு அனுப்புவது என்ற தபால் முகவரியையும் போடுங்கள். களத்துப் பெண்களிடம் கையொப்பம் வாங்கித் தபாலில் சேர்க்கிறேன், முத்திரைச் செலவு என்னுடையது.

சென்ற ஆண்டு நான் எழுதிய கடிதத்தில் பாதியை வெட்டிவிட்டீர்கள். இம்முறையும் இடம் போதாதென்றால் கட்டுரையாளர் நல்ல நோக்கத்தோடு எழுதியிருக்கிறார் என்று நான் சொன்ன வரியை வெட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தம்பியைப் பற்றிய பகுதி இருக்கட்டும், அவரும் உங்கள் வாசகர்தான்.

இப்படிக்கு,
ஆலைத் தொழிலாளியாக இருந்த ஒரு வாசகி,
காரைதீவு.